ஜீவகாருண்யம்: பசியாற்றுவது வழிபாடாக ஆனது எப்படி?

ஜீவகாருண்யம் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கேட்டிருப்பார்கள். ஆனால் அதற்குப் பொருள் கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். புலால் உண்ணாமை என்பார் ஒருவர். விலங்குகளிடம் இரக்கம் காட்டுவது என்பார் மற்றொருவர். கோயில் விழாவிலும் முன்னோர் நினைவு நாளிலும் சோறு போடுவதுதான் என்று முடித்துவிடுவோரும் உண்டு. வடலூர் இராமலிங்க அடிகளை, அதாவது வள்ளலாரை, வாடிய பயிரைக் கண்டு வாடிய மென்மையான மனிதராக மட்டும் நினைவில் வைத்திருக்கும் நமக்கு, அந்த வாட்டத்தைத் தொடர்ந்து அவர் நிறுவிய சிந்தனை முறையும் அதைச் செயலாக்க, பசித்தவர்க்கு உணவிடும் இடமாக அவர் கட்டிய தருமச்சாலையும் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

மேலே சொன்ன விடைகள் யாவும் ஓரளவு சரியானவை. ஆனால் எதுவும் முழுமையானதன்று. 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார், ஜீவகாருண்யத்தை ஒரு நற்குணமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. கடவுளை அடையும் வழியே அதுதான் என்று வாதிட்டார். அந்த வாதத்தைத் தெளிவான உரைநடையில், எழக்கூடிய தடைகளைத் தாமே எழுப்பி விடையும் கூறி, படிப்படியாக எழுதி வைத்தார். அதை முன்பின் அறியாத ஒருவரும் பின்தொடரக்கூடிய வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறவிலிருந்து தொடங்கும் வாதம்

வெளியூரில் வேலை தேடிச் சென்ற தம்பி இரவு நேரத்தில் வாடிய முகத்துடன் வீடு திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனைக் கண்டதும் அக்காள் முதலில் செய்வது அடுப்பைப் பற்ற வைப்பதுதான். வேலை கிடைத்ததா, பணத்தை என்ன செய்தாய் என்ற விசாரணையெல்லாம் அவன் உண்டு முடித்த பிறகே. அவனுக்குச் சோறு போட்டதைத் தருமம் என்று அவள் எண்ணுவதில்லை. தனக்குப் புண்ணியம் சேர்ந்தது என்றும் கணக்கு வைப்பதில்லை. உடன்பிறந்தவன் என்ற உரிமை, அவன் துன்பத்தைக் கண்ட மாத்திரத்தில் எழும் உருக்கம், உருக்கத்தை அடுத்து உடனே நிகழும் செயல் ஆகிய மூன்றும் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொடர்கின்றன.

வள்ளலாரின் வாதமும் இந்த மூன்று படிகளைக் கொண்டதே. உடம்புகள் பல வகைப்பட்டாலும் அவற்றுள் இருக்கும் ஆன்மாக்கள் அனைத்தும் ஒரே இயற்கை உண்மையினவை, ஒரே கடவுளால் ஆக்கப்பட்டவை. ஆகவே அவை ஒன்றுக்கொன்று சகோதர உரிமை உடையவை என்பது முதற்படி. இந்த உறவை அவர் ஆன்மநேய ஒருமைப்பாட்டு உரிமை என்று குறிப்பிட்டார். தன் உறவான ஓர் உயிர் துன்புறுவதைக் காணும்போதும், துன்புறும் என்று அறியும்போதும், இந்த உரிமையின் காரணமாக உள்ளே ஓர் உருக்கம் உண்டாகிறது என்பது இரண்டாம் படி. அந்த உருக்கத்தைக் கொண்டு தெய்வ வழிபாடு செய்து வாழ்வதே ஜீவகாருண்ய ஒழுக்கம் என்பது மூன்றாம் படி.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உருக்கம் என்பது நல்லவர் சிலரிடம் மட்டும் அமைந்திருக்கும் தனிச்சிறப்பு என்று அவர் கருதவில்லை. உறவு உண்மையானால் உருக்கம் இயல்பாகவே எழ வேண்டும். அப்படியானால் பிறர் துன்பத்தைக் கண்டும் அசையாமல் நடந்து போகிறவர்களை எப்படி விளக்குவது? இக்கேள்வியை அவரே எழுப்பிக்கொண்டு, அவர்களுடைய ஆன்ம அறிவு என்னும் கண், அறியாமையாகிய காசம் என்னும் கண்நோயால் ஒளி மழுங்கியிருக்கிறது என்றும், அந்தக் கண்ணுக்குத் துணையாக வாய்த்த மனம் முதலிய கண்ணாடிகளும் தெளிவின்றித் தடித்திருக்கின்றன என்றும் விடை சொன்னார். உறவு அற்றுப்போகவில்லை, எதிரே நிற்பவர் உறவினர் என்பதுதான் தெரியவில்லை. கல்மனம் என்று பழித்து ஒதுக்குவதைவிட இந்த விளக்கம் மிகவும் கருணை மிக்கது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் பார்வைக் கோளாறு நீங்கக்கூடியது.

இதுவரை கண்டதைச் சுருக்கிக்கொள்வோம். எல்லா உயிர்களும் உறவு, உறவினால் உருக்கம், உருக்கத்தினால் செயல். செயலாக முடியாத உருக்கம் இந்த வரிசையில் பாதியில் நின்றுவிட்ட ஒன்றாகும்.

எல்லாத் துன்பங்களிலும் பசி ஏன் முன்னால் நிற்கிறது?

உயிர்களுக்கு நேரும் துன்பங்களை வள்ளலார் ஏழாகப் பகுத்தார்: பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை. இவற்றுள் எளிமை என்பது வறுமையைக் குறிக்கும். தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம் ஆகிய ஐந்தையும் நீக்குவதை அபர ஜீவகாருண்யம் என்றும், பசியையும் கொலையையும் நீக்குவதைப் பர ஜீவகாருண்யம் என்றும் அவர் வகுத்தார். அபரம் என்பது இவ்வுலக வாழ்வுக்குச் சிறிதளவு நன்மை தருவது; பரம் என்பது ஆன்ம விடுதலை வரை இட்டுச் செல்வது. இந்தப் பாகுபாட்டை மனத்தில் கொண்டால், புலால் மறுத்தலையும் சோறிடுதலையும் அவர் ஏன் ஒன்றாக வலியுறுத்தினார் என்பது விளங்கிவிடும். இரண்டும் உயிரை உடம்பிலிருந்து வெளியேற்றும் துன்பத்தைத் தடுக்கும் செயல்கள். கொலை உயிரை விரைவாகப் போக்குவது, பசி மெல்லப் போக்குவது.

பசியைப் பற்றி அவர் எழுதிய பகுதி, ஒரு மருத்துவரின் குறிப்பைப் போல் நுட்பமானது. பசி மிகும்போது அறிவு விளக்கமின்றி மயங்குவதையும், மனம் தடுமாறிச் சிதறுவதையும், கண் பஞ்சடைந்து குழிவதையும், காது அடைப்பதையும், நா உலர்ந்து வறள்வதையும், கைகால் சோர்ந்து துவள்வதையும், வயிறு பற்றி எரிவதையும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் வரிசைப்படுத்திக் காட்டுகிறார். பிறகு, உணவு கிடைத்ததும் அதே உறுப்புகள் ஒவ்வொன்றும் மீண்டு தழைப்பதையும் காட்டுகிறார். பட்டினியை அருகிலிருந்து பார்த்த ஒருவரால் மட்டுமே இப்படி எழுத முடியும்.

இந்த விவரிப்புக்கு வாதத்தில் ஓர் இடம் உண்டு. உடம்பைக் கடவுளும் ஆன்மாவும் விளங்கும் ஆலயமாக அவர் கண்டார். பசி மிகுந்தால் அந்த ஆலயத்தில் அறிவு மங்கி, அறிவுக்கு அறிவாக விளங்கும் கடவுள் விளக்கமும் மறைந்துபோகிறது. அரசனானாலும் ஞானியானாலும் வீரனானாலும் பசி வந்தபோது தளர்ந்தே போகிறார்கள். கடவுளை நினைப்பதற்கு வேண்டிய தெம்பும் அப்போது இருப்பதில்லை. ஆகவே பசித்தவருக்கு உபதேசம் செய்வதற்கு முன் உணவிட வேண்டும் என்பது, இரக்கத்தோடு நின்றுவிடாமல் அவருடைய மெய்யியலின் நேரான முடிவாகவும் அமைகிறது. ஏழைகளின் உடம்பில் பற்றி எரியும் நெருப்பை உணவால் அவிப்பதே ஜீவகாருண்யம் என்று அவர் சொன்னதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும்.

புண்ணியத்துக்காகச் செய்யும் தானத்திலிருந்து இது வேறுபடும் இடம்

அன்னதானம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. சத்திரங்களும் மடங்களும் நெடுங்காலமாகச் சோறிட்டு வந்துள்ளன. ஆனால் வழக்கமான தான முறையில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், கொடுத்ததற்காக மறுமையில் கிடைக்கும் பயன் ஒன்று என மூன்று இருக்கின்றன. பெறுபவர் தகுதியுடையவரா என்ற ஆராய்ச்சியும் பல இடங்களில் நுழைந்துவிடுகிறது. இன்ன சாதியார்க்கு இன்ன பந்தி என்ற வழக்கம் அந்த ஆராய்ச்சியின் கொடிய வடிவம்.

வள்ளலார் முன்வைத்த முறையில் பயன் செயலுக்கு வெளியே காத்திருப்பதில்லை. கடவுளின் தயவுக்கு அருள் என்று பெயர். உயிர்களின் தயவுக்கு ஜீவகாருண்யம் என்று பெயர். சிறிய வெளிச்சத்தைக் கொண்டு பெரிய வெளிச்சத்தைப் பெறுவது போல, சிறிய தயவைக் கொண்டே பெரிய தயவைப் பெற முடியும் என்பது அவர் கூற்று. தயவு இருக்கும் உள்ளத்தில்தான் தயவு விளங்கும். வேறு விலை கொடுத்து அதைப் பெற வழியில்லை. இப்படிப் பார்த்தால், பசித்தவருக்கு உணவு பரிமாறும் நேரம் வழிபாட்டுக்குத் தயாராகும் நேரமன்று, வழிபாடே நிகழும் நேரமாகும்.

தகுதி பற்றிய கேள்விக்கும் அவர் இடம் வைக்கவில்லை. எந்த நாட்டவர், எந்தச் சமயத்தவர், எந்தச் சாதியினர், எத்தகைய நடத்தையுடையவர் என்று விசாரிக்காமல், பசி என்ற ஒன்றை மட்டும் பார்த்து உணவிட வேண்டும் என்றார். விலங்கு, பறவை, ஊர்வன, தாவரம் ஆகியவற்றின் பசியையும் இந்த விதிக்குள் கொண்டுவந்தார். மானம் தடுப்பதால் வாய்விட்டுக் கேட்க முடியாமல், ஊமை கண்ட கனவைப் போல் உள்ளுக்குள்ளேயே வருந்துகிறவர்களைத் தனியே குறிப்பிட்டார். கையேந்துபவரின் பசி எல்லார்க்கும் தெரியும். கையேந்தாதவரின் பசியைத் தேடிக் கண்டுபிடிப்பது கடமையின் ஒரு பகுதி என்பதை, உணவு வழங்கும் பணியில் ஈடுபட்டிருக்கும் எவரும் ஊன்றிக் கருத வேண்டும். வாங்குபவரின் முகம் தெரியப் படமெடுத்துப் பரப்பும் இன்றைய வழக்கம் இத்தகைய மானமுள்ளவர்களைத்தான் வரிசையிலிருந்து முதலில் விரட்டுகிறது.

"அது அவரவர் விதிப்பயன்" என்ற தடை

நம்பிக்கையுள்ள மக்களிடையே சேவைக்கு எதிராக எழும் மிக வலுவான வாதம் நம்பிக்கையிலிருந்தே வருகிறது. முற்பிறவியில் செய்த தீவினையால் ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்றால், அது கடவுள் விதித்த தண்டனையாகாதா, அதில் குறுக்கிடுவது கடவுளின் கட்டளையை மீறுவதாகாதா என்பதே அது. வள்ளலார் வினைக் கொள்கையை மறுக்காமலேயே இதற்கு விடை கூறினார். தன் ஆணையை மீறிக் கொடிய குற்றம் செய்தவர்களை அரசன் விலங்கிட்டுச் சிறையில் அடைக்கிறான். ஆனால் அவர்களுக்கும் தன் சேவகர்களைக் கொண்டு உணவு கொடுக்கச் செய்கிறான். குற்றத்துக்குத் தண்டனை உண்டு; அந்தத் தண்டனையில் பட்டினி அடங்காது. மண்ணுலக அரசனுக்கே இந்த நியாயம் தெரியும் என்றால், எல்லையற்ற கருணையுடைய கடவுள் தன் படைப்பைப் பட்டினி போட விரும்புவாரா என்று கேட்டார். எனவே பசித்தவருக்கு உணவிடுபவர் கடவுளின் கட்டளையை மீறுபவராகார்; அதை நிறைவேற்றும் சேவகராவார்.

அவர் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சாத்திரத்தைக் காட்டிக் கைகழுவிக்கொள்ளும் வழியை, அதே சாத்திரத்துக்குள் நின்றபடியே அடைத்துவிடுகிறார்.

சுருங்கச் சொன்னால், பசி உயிரையும் அறிவையும் ஒருசேர அழிப்பதால் முதன்மை பெறுகிறது. பசித்தவரின் தகுதியோ வினையோ கணக்கில் வராது. உணவிடும் செயலே வழிபாடாக நிற்கிறது.

எழுத்து சாலையானது எப்படி?

1858-ஐ ஒட்டிச் சென்னையை விட்டு நீங்கிய வள்ளலார், பிறகு சில ஆண்டுகள் வடலூருக்கு அருகே கருங்குழியில் ஓர் அன்பர் இல்லத்தில் தங்கியிருந்தார். 1865-இல் தம் கொள்கைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1866-இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் பஞ்சம் வாட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1867 மே 23 அன்று, வடலூரில் சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது.

அந்தச் சாலைக்கு நிலம் அளித்தவர்கள் சிற்றரசர்களோ பெருவணிகர்களோ அல்லர். வடலூர் என்று இன்று அறியப்படும் பார்வதிபுரத்துச் சிற்றூர் மக்கள் ஒன்றுகூடி ஏறத்தாழ 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காணி என்பது சுமார் 1.32 ஏக்கர், ஆக நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். ஒரு துறவியின் சொல்லை நம்பி, உழுது பிழைக்கும் மக்கள் நிலத்தை விட்டுக் கொடுத்தார்கள் என்பதை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. ஜீவகாருண்யம் பேரருளாளர்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்களுக்கு, அதன் முதல் நிறுவனமே பெயர் தெரியாத குடும்பத்தினரின் கொடையால் எழுந்தது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சாலை திறந்த நாளில் வள்ளலார் மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருவதால், அந்த அடுப்பு அணையா அடுப்பு என்றே அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ 21 அடி நீளமுள்ள கோட்டை அடுப்பு அது. பெரிய பாத்திரங்களை வரிசையாக ஏற்றி ஒரே நேரத்தில் சமைக்கலாம். நாள் தவறாமல் நடக்கும் சமையலுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, காய்கறி, விறகு ஆகியவற்றை அன்பர்கள் கொண்டுவந்து தருகிறார்கள். தைப்பூச நாளில் சுற்றுவட்டார உழவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்ததை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவதைக் காணலாம். பொருள் தர இயலாதவர்கள் காய் நறுக்கவும், பந்தி பரிமாறவும், இலை எடுக்கவும் நிற்கிறார்கள்.

நெருப்பு அணையாதிருப்பதை அற்புதம் என்று வியப்பவர்கள் பலர். அதன் பொருளோ நடைமுறை சார்ந்தது. பசி திருவிழா நாள் பார்த்து வருவதில்லை. ஆகவே அடுப்பும் நாள் பார்த்து எரிய முடியாது. 1876-இல் தொடங்கித் தென்னிந்தியாவில் பல இலட்சம் பேரின் உயிரைக் குடித்த தாது வருடப் பஞ்சம், வள்ளலார் 1874 சனவரி 30 அன்று வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் தம் அறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்ட (கதவடைத்துக்கொண்டு உலகின் பார்வையிலிருந்து மறைந்த) பிறகு வந்தது. தனி ஒருவரின் உருக்கத்தை நம்பியிராத ஓர் ஏற்பாடு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அந்த ஆண்டுகளே சான்று.

சபையின் விதியும் சாலையின் விதியும்

புலால் உண்பவர்களுக்கு இந்த நெறியில் இடமுண்டா என்பது புதியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. விடை வடலூரிலேயே, சிறிது தூர இடைவெளியில், இரண்டு கட்டடங்களாக நிற்கிறது. 1872 சனவரி 25 அன்று வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபையின் நுழைவாயிலில், கொலையும் புலையும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வர வேண்டும் என்ற அறிவிப்பு உண்டு. புலை என்பது இங்கே புலால் உணவு. தருமச்சாலையில் உணவுக்கு வந்து அமர்பவரிடம் அத்தகைய கேள்வி எதுவும் கேட்கப்படுவதில்லை.

இவை முரண்போலத் தோன்றலாம். ஆனால் இரண்டும் ஒரே கொள்கையிலிருந்து வந்தவை. நெறியில் முழுமையாக நிற்க விரும்புபவருக்குக் கொல்லாமை நிபந்தனை. பசித்து வந்தவருக்கு நிபந்தனையே இல்லை. புலால் உண்பவரைப் புறவினத்தார் என்று குறிப்பிட்ட வள்ளலார், அவர்களுடைய பசியைத் தீர்ப்பதையும் கட்டாயம் செய்ய வேண்டியதாகவே வைத்தார். ஜீவகாருண்யம் சைவ உணவுப் பழக்கத்துக்கு மறுபெயர் என்று எண்ணுபவர்கள் சபையின் அறிவிப்பை மட்டும் படித்துவிட்டுத் திரும்புகிறார்கள். புலாலைத் துறந்தும் வாசலில் பசித்து நிற்பவரைக் கடந்து போகிற ஒருவர், வள்ளலார் கணக்கில் பாதி வழியில் நிற்பவரே.

குடும்பத்தில் இருப்பவர் என்ன செய்வது?

வள்ளலார் துறவிகளைப் பார்த்து எழுதவில்லை. சம்பாதித்து, பிள்ளைகளை வளர்த்து, கடன் கட்டி வாழும் குடும்பத்தாரைப் பார்த்தே எழுதினார். அதனால் அளவு பற்றியும் பேசியிருக்கிறார். தாய் தந்தையரும் மனைவி மக்களும் பசித்திருக்க, அவர்களைப் புறக்கணித்துவிட்டு அயலாருக்குச் சோறிட வேண்டியதில்லை. ஆனால் குடும்பச் செலவை இயன்ற மட்டில் சிக்கனமாக்கி, மிஞ்சுவதைக் கொண்டு பிறர் பசியைத் தீர்க்க வேண்டும். திருமணம், பிள்ளைப்பேறு முதலிய சுப நிகழ்ச்சிகளில் ஆடம்பரத்துக்குச் செலவிடுவதைக் குறைத்து, ஏழைகளின் பசியைப் போக்கி, அவர்கள் மகிழ்வதைக் காண வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

வள்ளலார் பிறந்த அக்டோபர் 5-ஐத் தனிப்பெருங்கருணை நாளாக 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த பிறகு, அந்நாளில் உணவு வழங்கும் இடங்கள் பெருகியிருப்பது நல்லதே. ஆயினும் ஒரே நாளில், ஒரே தெருவில், நான்கு அமைப்புகள் சமைத்து, வாங்க ஆளின்றி உணவு வீணாவதும், மறுநாள் அதே தெருவில் ஒருவர் பட்டினி கிடப்பதும் நம் ஊர்களில் நடக்கின்றன. நான்கு குடும்பங்கள் பேசிவைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒருவராகப் பொறுப்பேற்றால், அதே செலவில் மாதம் முழுவதும் சிலருக்கு உணவு உறுதியாகும். நாள்தோறும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே சேர்க்கும் பழக்கம் நம் வீடுகளில் முன்பே இருந்ததுதான். அதற்குப் பெரிய வருமானம் தேவையில்லை. மாத முடிவில் சேரும் அரிசி ஒருவரின் சில வேளை உணவுக்காவது போதும். தனியே வாழும் முதியவர், அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வெளியூரிலிருந்து வந்து வராந்தாவில் படுத்திருப்பவர், கூலி வராத நாளில் கட்டடத் தொழிலாளியின் குடும்பம் என, கேட்க வாய் வராதவர்கள் எந்தெந்த இடங்களில் இருப்பார்கள் என்பது அந்தந்த ஊரில் வாழ்பவர்களுக்கே தெரியும்.